விலை கேட்க மறந்தோம்

ரியேக்கா நகரில் பூரா என்றொரு காற்று உண்டு.
மலையிலிருந்து இறங்கி
குடை, தொப்பி, குப்பைத்தொட்டி என்று
பூராவையும் வாரிக்கொண்டு கடலுக்குப் போகும்.
அது அடித்த ஒரு சனிக்கிழமைதான்
எங்கள் கல்யாணத்துக்குப் போட்டோக்காரர் தேடி
நானும் நெவென்காவும் கிளம்பினோம்.
அவளுக்கு ஐம்பத்திரண்டு, எனக்கு ஐம்பத்தாறு.
‘இந்த வயசுக்கு பாஸ்போர்ட் படம் போதாதா?’
என்று சிரித்தார்கள் டிப்போவில்.

என் சட்டைப்பையில் ஒரு தாள்.
யார், எத்தனை மணி நேரம், எவ்வளவு யூரோ,
ஆல்பத்துக்குத் தோலட்டையா துணியட்டையா.
இரண்டாம் எண் பஸ்ஸை இருபது வருஷம் ஓட்டுகிறவன்.
அட்டவணை இல்லாமல் எனக்கு எதுவும் நகராது.
அவளிடம் இருந்தது ஒரே கேள்வி.

கோர்சோ வீதியில், கண்ணாடிக் கதவுக்குள், வ்யெகோ.
திரையில் மணப்பெண்கள் வந்துகொண்டே இருந்தார்கள்.
எல்லோர் முதுகுக்குப் பின்னாலும்
ஒரே சூரியன் அஸ்தமித்தது.
‘என் தோளில் யார் கையும் இல்லாமல் எடுப்பீர்களா?’
‘எதை வேண்டுமானாலும் அழித்துத் தருவேன் மேடம்.
சுருக்கங்களைக்கூட. இலவசம்.’
இலவசம் என்று குறித்துக்கொண்டேன்.

திர்சாத் குன்றில், ஐந்நூற்றுச் சொச்சம் படி ஏறி,
ஒரு கணவன், ஒரு மனைவி, ஒரு ட்ரோன்.
‘கை போடாத மாப்பிள்ளையா!
மேலேயிருந்து எடுத்தால்
கை எங்கே, தோள் எங்கே, யாருக்குத் தெரியும்?’
சிரித்தார்கள்.
நானும் சிரித்துத் தொலைத்தேன்.

மூன்றாவது இடம் துறைமுகக் கிடங்கின் மாடி.
ஸ்மில்யானா என்கிற அந்த அம்மாளுக்கு
கப்பல் வெடிப்புகளைப் படமெடுப்பது தொழில்,
காப்பீட்டுக்காரர்களுக்காக.
கல்யாணம் வருஷத்துக்கு நாலோ ஐந்தோ.
சுவரில் ஒரு மணப்பெண்கூட இல்லை.
துருப்பிடித்த இரும்பு,
பக்கத்தில் அளவு காட்ட ஓர் அடிக்கோல்.
காபி தரவில்லை.
ஹீட்டரைக் காலால் எங்கள் பக்கம் தள்ளினாள்.

அதே கேள்வி.
‘ஏன்?’ என்றாள்.

அதுவரை யாரும் கேட்கவில்லை.
நானும்தான்.

நெவென்கா கைப்பையிலிருந்து அரைப் புகைப்படம் எடுத்தாள்.
இருபத்து மூன்று வயது நெவென்கா, வெள்ளை உடுப்பில்.
பக்கத்தில் நின்றவனைக் கத்தரிக்கோல் கொண்டுபோயிருந்தது,
முகம், டை, பளபளத்த ஷூ, எல்லாம்.
தோளில் மட்டும் நாலு விரல்.
‘இதை வெட்டினால் என்னையும் வெட்ட வேண்டியிருந்தது’ என்றாள்,
அடுத்த நிறுத்தம் எது என்று சொல்வதுபோல.

ஸ்மில்யானா உருப்பெருக்கியை வைத்தாள்.
விரல்களின் மேல் அல்ல.
தோள் அரை அங்குலம் தாழ்ந்திருந்த இடத்தில்.
‘இங்கேதான் தொடங்கியிருக்கிறது.’

பிறகு என் கைகளைப் பார்த்தாள்.
எனக்கு அவற்றைக் கழற்றி வைக்கலாம்போல இருந்தது.
‘நான் வாக்குத் தரமாட்டேன்.
இவர் கை அன்றைக்கு எங்கேயாவது போகத்தான் போகும்.
போனால் உங்கள் தோள் என்ன செய்கிறதென்று பார்ப்பேன்.
சாய்ந்தால் எடுப்பேன்.
சாயாவிட்டால் அந்தப் படம் உலகத்தில் இருக்காது.’

‘ஜூன் பதினான்கு’ என்றாள் நெவென்கா.

பஸ் ஏறின பிறகுதான் ஞாபகம் வந்தது,
விலை கேட்கவில்லை.
போன் செய்தேன்.
மற்ற இருவரையும்விட நானூறு யூரோ அதிகம்.
கேக்கின் மூன்றாவது அடுக்கு அங்கேயே போயிற்று.

இருவர் இருக்கை. ஓட்டுவது வேறொருவன்.
கையைக் கம்பியில் வைத்தேன், பையில் வைத்தேன்,
முழங்காலில் வைத்தேன்.
எங்கேயும் பொருந்தவில்லை.
காற்று பஸ்ஸையே ஒரு பக்கமாய்த் தள்ளியது.
நெவென்கா கைப்பையைத் தூக்கி என் மடியில் வைத்தாள்.
‘பிடி. ரெண்டு கையாலயும்.’

வளைவில் ஸ்டியரிங்கைப் பிடிப்பதுபோல்
பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்,
எங்கள் நிறுத்தம் தாண்டி
இன்னும் இரண்டு நிறுத்தம் போகும்வரை.